உங்களுக்குத் தெரியுமா? டிஷ்வாஷருக்குள் எது போகும், எது போகாது!

டிஷ்வாஷர் பிறந்ததே பீங்கான் தட்டைக் காப்பாற்றத்தான். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்ற சிற்றூர். அங்கே வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் என்ற பெண்மணிக்கு, விருந்து முடிந்து பணியாளர்கள் கழுவும்போது பரம்பரைப் பீங்கானின் விளிம்பு உடைவது பொறுக்கவில்லை. தாமே ஒரு இயந்திரம் செய்து, 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை வாங்கினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பலர் பார்வைக்கு வந்தது.

திருப்பதி ஏர் பைபாஸ் ரோடு அடுக்ககத்திலோ சித்தூர் ஓட்டு வீட்டிலோ அலமாரியைத் திறந்து பாருங்கள். பீங்கானைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எவர்சில்வர், அலுமினியம், பித்தளை, இரும்பு, மண், மரம் என்று வரிசை கட்டி நிற்கும். மெஷினோடு வரும் கையேட்டில் போட்டிருக்கும் தட்டு, கோப்பை, முள்கரண்டிப் படம் நமக்குப் பாதிதான் உதவும். ஆகவே பாத்திரத்தின் பெயரை விட்டுவிட்டு, அது எதனால் ஆனது என்று பாருங்கள். இட்லித் தட்டு போடலாமா என்று கேட்டால் பதில் இல்லை; எவர்சில்வரா, அலுமினியமா என்று சொன்னால்தான் உண்டு.

✦

மெஷினுக்குள் தேய்ப்பு என்பதே கிடையாது. சுழலும் இரண்டு கைகளின் துளைகளிலிருந்து வெந்நீர் பீய்ச்சி அடிக்கும். சாதாரண ஓட்டத்தில் சுமார் 50 டிகிரி, கடாய்க்கென்று இருக்கும் கடும் ஓட்டத்தில் 70 டிகிரி வரை சூடு. மீதி வேலை பவுடருடையது. எண்ணெயை உடைக்கக் காரம், கறையை வெளுக்க ஆக்ஸிஜன் தரும் உப்பு, கஞ்சியையும் பருப்பையும் அறுக்க நொதிகள்.

அந்தக் காரம் நமக்குப் புதிதல்ல. விறகடுப்புச் சாம்பலில் இருந்தது பொட்டாசியம் கார்பனேட். மெஷின் பவுடரில் இருப்பது சோடியம் கார்பனேட். இரண்டும் பங்காளிகள். சாம்பலால் தேய்த்த காலத்தில் நார் பட்டுக் கை சிவந்தது. இப்போது கை தப்பித்தது, ஆனால் அந்தக் காரத்தில் பாத்திரம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் சூட்டோடு ஊறுகிறது. அதைத் தாங்காத பொருள்தான் ‘போகாது’ பட்டியலில் சேரும்.

✦

கையால் தேய்க்கும் திரவ சோப்பை மெஷினில் ஊற்றினால் நுரை கதவிடுக்கு வழியாகச் சமையலறைத் தரைக்கு வந்துவிடும். பவுடர் தீர்ந்துபோன ஞாயிற்றுக்கிழமை இரவில்தான் இந்த யோசனை எல்லோருக்கும் தோன்றும்.

✦

எவர்சில்வருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சம்மதம் சொல்லலாம். தட்டு, டம்ளர், டபரா, கரண்டி, சாம்பார்ப் பாத்திரம், தாளிப்புக் கரண்டி (கைப்பிடி மரமோ பிளாஸ்டிக்கோ இல்லையென்றால்), டீ வடிகட்டி எல்லாம் போகும். வாங்கிக் கொடுத்தவர் பெயரும் தேதியும் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கிறதே, அதுவும் அழியாது. கல்யாணச் சீர்ப் பாத்திரம் யாருடையது என்ற வழக்குக்கு டிஷ்வாஷரால் தீர்வு கிடைக்காது.

காந்தம் ஒட்டினால் மட்டமான எவர்சில்வர் என்று கடைவீதியில் ஒரு சோதனை உண்டு. அதை நம்பி ஏமாற வேண்டாம். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உள்ள 304 ரகத்தில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய, விலை மலிந்த 202 ரகத்திலும் ஒட்டாது. இண்டக்ஷன் அடுப்புக்கான பாத்திரத்தின் அடியிலோ காந்தம் ஒட்டுகிற 430 போன்ற ரகத்தை வேண்டுமென்றே வைப்பார்கள்.

எவர்சில்வருக்கும் ஒரு பகை உண்டு: உப்பு. ஊறுகாய்க் கிண்ணத்தையும் உப்புப் போட்ட மோர்ப் பாத்திரத்தையும் நாளைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று மெஷினுக்குள் அப்படியே அடைத்து வைத்தால், உப்பிலுள்ள குளோரைடு ஊசி குத்தியது போலப் பள்ளம் போடும். கழுவுவது தள்ளிப்போகும் என்றால் ஒரு முறை தண்ணீரில் அலசி வையுங்கள்.

✦

டம்ளரின் அடியில் சின்னக் குழிவு இருக்கும். கவிழ்த்து வைத்தால் அந்தக் குழிவில் தண்ணீர் தேங்கும். சற்றே சாய்த்து அடுக்கினால் தீர்ந்தது. எவர்சில்வர் காபி ஃபில்டரைப் பிரித்துத் தனித்தனியாக வையுங்கள். அதற்கு முன் காபிச் சக்கையைத் தட்டிவிடுங்கள். பித்தளை ஃபில்டர் என்றால் கையால்தான்.

✦

அலுமினியம் வேண்டவே வேண்டாம். ஒரே ஓட்டத்தில் சாம்பல் கறுப்பாகி வெளியே வரும், தொட்டால் கையிலும் ஒட்டும்.

காரணம் எளிது. அலுமினியத்தின்மேல் காற்றுப் பட்டதும் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று படியும். அதுதான் அதற்குக் கவசம். அந்தப் படலத்தை அமிலமும் கரைக்கும், காரமும் கரைக்கும். மெஷினுக்குள் சூடான காரம் காத்திருக்கிறது. குக்கர், இட்லித் தட்டு, பால் குண்டான், வடை சுடும் கடாய் எல்லாம் இதில் அடங்கும். ‘ஹார்டு அனோடைஸ்டு’ என்ற கருஞ்சாம்பல் நிறப் பாத்திரமும் அதே கவசத்தைத் தடிமனாக ஏற்றியதுதான். அதுவும் நாளடைவில் வெளிறும்.

இந்த உலோகம் நம் அடுப்பங்கரைக்குள் வந்த கதையும் சென்னையில்தான் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன், பித்தளைக்கும் செம்புக்கும் மாற்றாக அலுமினியப் பாத்திரம் அடிக்கச் சொல்லிக் கொடுத்தார். அன்று புளியும் தேங்காய் நாரும்தான் அதற்குக் காத்திருந்தன. கறுத்த இட்லிக் கொப்பரைக்கு இன்றைக்கும் அதே புளிதான் மருந்து: தண்ணீரோடு கொஞ்சம் புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போட்டுக் கொதிக்கவிட்டால் கறுப்பு இளகும்.

✦

மஞ்சள் கறை மெஷினுக்குள் போனால் சிவக்கும். வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, வெள்ளை சிலிக்கான் கரண்டி வைத்திருப்பவர்கள் பார்த்துப் பதறியிருப்பார்கள். பதற வேண்டாம். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்தித் தண்ணீர் சிவக்கிறதே, அதே வேதியியல்தான். மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டால் சிவப்பாகும், அமிலம் பட்டால் மஞ்சளுக்குத் திரும்பும். பிளாஸ்டிக்கில் ஏறிய மஞ்சளைப் போக்க மொட்டைமாடி வெயில் போதும். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். சித்தூர் வெயிலுக்கு இப்படி ஒரு பயன் இருப்பது ஆறுதல்.

✦

ராகி சங்கடிப் பாத்திரம்தான் இந்தப் பக்கத்து டிஷ்வாஷருக்கு உண்மையான பரீட்சை. ராயலசீமை முழுக்க நாட்டுக்கோழிக் குழம்போடு உருண்டை உருண்டையாக இறங்கும் இந்தக் களி, காய்ந்தால் சிமெண்டு. கஞ்சிப் பசை சூட்டில் உப்பித் தண்ணீரைக் குடித்து நிற்கும். அந்தத் தண்ணீர் வற்றினால் உலோகத்தோடு பிடித்துக்கொள்ளும். வெந்நீர் ஊற்றினால் இன்னும் வெந்துதான் போகும். பச்சைத் தண்ணீரில் அரை மணி ஊறவிட்டால் தானே உரிந்து மேலே வரும்.

உரிந்ததை மெஷினுக்குள் அனுப்பாதீர்கள். அடியில் உள்ள வலையில் சேர்ந்து, கழுவிய தண்ணீரையே மறுபடி மறுபடி சாம்பல் நிறக் கூழாக மற்ற பாத்திரங்கள்மேல் அடிக்கும். கட்டிகளைக் குப்பைக்கு வழித்துவிட்டு, மெல்லிய படலத்தை மட்டும் விட்டுவையுங்கள். மாவுச்சத்தை அறுக்கும் அமிலேஸ் நொதி பவுடரில் இருக்கிறது. அதற்கும் வேலை வேண்டாமா? பாத்திரத்தைப் பளிச்சென்று தேய்த்துவிட்டு மெஷினில் அடுக்குகிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் இரண்டு முறை கழுவி ஒரு முறை கரண்ட் பில் கட்டுகிறார்கள். தண்ணீரின் கலங்கலைப் பார்த்து ஓட்டத்தின் நீளத்தைத் தீர்மானிக்கும் மாடல்களுக்கு, தேய்த்த பாத்திரம் தவறான தகவல் வேறு.

களி கிண்டிய துடுப்பு மரம். அது வெளியே.

✦

கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, முருங்கைச் சக்கை. டிஷ்வாஷர் சரியாகக் கழுவவில்லை என்ற புகாரில் இந்த மூவருக்கும் பங்குண்டு. கடுகு போய்ச் சுழலும் கையின் துளையை அடைத்தால் அந்தப் பக்கத்துப் பாத்திரங்கள் அப்படியே நிற்கும். சட்னி, சாம்பார் வீட்டில் வலையை வாரம் ஒரு முறையாவது கழற்றிக் கழுவ வேண்டும். துளைகளைப் பல்குத்தும் குச்சியால் பார்த்துக்கொள்ளலாம்.

✦

பால், முட்டை பட்ட பாத்திரத்தில் முதலில் வெந்நீர் ஊற்றக் கூடாது. சூடு பட்டதும் புரதம் இறுகும். முதலில் பச்சைத் தண்ணீர்தான். மெஷினின் பல ஓட்டங்கள் குளிர்ந்த நீரில் ஓர் அலசலோடு தொடங்குவதில் இந்த நன்மையும் உண்டு.

✦

சித்தூர் மண்ணுக்கு அடியில் கருங்கல் பாறை. போர் போட்டால் பல நூறு அடி இறங்கித்தான் தண்ணீர், அதுவும் பாறையைத் தொட்டுவந்த உப்போடு வரும். பைப் முனையில், கீஸர் கம்பியில், வெந்நீர்க் குண்டானில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் கண்ணாடி டம்ளரிலும் படியப் போகிறது.

குடிநீருக்கான இந்தியத் தரநிர்ணயம் (ஐ.எஸ். 10500) கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு வழியில்லாதபோது 600ஐ உச்சவரம்பாகவும் வைத்திருக்கிறது. டிஷ்வாஷருக்கு 200கூடக் கடினம்தான். அதற்காகத்தான் மெஷினின் அடியில் உப்பு போடும் குப்பி. அந்த உப்பு பாத்திரத்தைத் தொடுவதே இல்லை. உள்ளே பிசின் மணிகள் இருக்கின்றன. தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் அவை பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்துபோனதும் உப்புக்கரைசல் பாய்ந்து அவற்றைப் புதுப்பிக்கும்.

சமையல் உப்பு ஆகாது. கட்டிப்படாமல் இருக்கச் சேர்த்த பொருளும் மற்ற கசடும் மணிகளை அடைத்துவிடும். தூய கல்லாக விற்கும் டிஷ்வாஷர் உப்புதான் வேண்டும்.

திருப்பதிக்காரர்களுக்கு இதில் கூடுதல் சிக்கல். கல்யாணி அணைத் தண்ணீர், தெலுங்கு கங்கைத் தண்ணீர் என்று குழாயில் வருவது ஒரு குணம். கோடையில் அதோடு போர் தண்ணீரும் டேங்கர் தண்ணீரும் அடுக்ககத் தொட்டியில் கலந்தால் வேறு குணம். வாங்கிய அன்று மெக்கானிக் வைத்துவிட்டுப் போன கடினத்தன்மை எண்ணையே ஆண்டு முழுவதும் விட்டுவைக்காதீர்கள். சோதனைத் தாளை நனைத்துப் பார்த்து, சித்திரைக்கு ஒன்று, ஐப்பசிக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம்.

✦

கண்ணாடி டம்ளர் வெளிறிவிட்டதா? கொஞ்சம் வினிகர் தடவுங்கள். போனால் அது உப்புப் படிவு; தண்ணீர் கடினம். போகவில்லையென்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் நேர் எதிரானது: தண்ணீர் அளவுக்கு மீறி மென்மை, பவுடரும் சூடும் அதிகம். ஆர்.ஓ. தண்ணீரை மெஷினுக்கு இழுக்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இழுக்கட்டும்.

✦

அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளைப் பொறித்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செப்பேடுகள் திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் நூற்றாண்டுக் கணக்கில் பத்திரமாக இருந்தன. செம்பு அவ்வளவு உறுதி. ஆனால் அந்தச் செம்பையே 65 டிகிரி காரத்தில் முக்கினால் ஒரே வாரத்தில் மினுக்கம் போய்ப் பழுப்புத் தட்டும். செம்புத் தண்ணீர்க் குடம், இப்போது எல்லோர் கையிலும் இருக்கும் செம்பு பாட்டில், பித்தளைச் சொம்பு, குத்துவிளக்கு எதையும் உள்ளே வைக்காதீர்கள். புளி, எலுமிச்சை, அல்லது கடையில் விற்கும் பீதாம்பரி போதும். புளியின் டார்டாரிக் அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைத்து உலோகத்தை விட்டுவிடும்.

உள்ளே ஈயம் பூசிய பித்தளை உருளி, அண்டா வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம். பூச்சு தேய்ந்தால் புளிக்குழம்பு நேராகப் பித்தளையைத் தொடும். கலாய் பூசுகிறவர் இப்போது தெருவுக்கு வருவதும் அரிது.

✦

ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது 232 டிகிரியில் உருகும். ரசம் கொதிப்பது 100ஐ ஒட்டி என்பதால் தப்பிக்கிறது, வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் போயிற்று. மெஷினின் சூட்டில் உருகாது. ஆனாலும் மெத்தென்ற உலோகம் காரத்தில் அரிபடும், பக்கத்துக் கரண்டி இடித்தால் நசுங்கும். மாமியார் தந்த சொம்பாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம், கையால் கழுவுங்கள்.

✦

வெள்ளிக் கிண்ணம், குங்குமச்சிமிழ்: கூடாது. ஈரத்தில் எவர்சில்வரைத் தொட்டுக்கொண்டிருந்தால் இரண்டு உலோகங்களுக்கும் இடையே மின்வேதி நடந்து கறை விழும். கறுத்த வெள்ளியை வெளுக்க, அலுமினியத் தாள் விரித்த பாத்திரத்தில் வெந்நீரும் சமையல் சோடாவும் ஊற்றி அதில் வையுங்கள். கறுப்புக்குக் காரணமான கந்தகம் அலுமினியத்துக்கு மாறிவிடும். கல் பதித்த பொருளுக்கு இந்த வைத்தியம் வேண்டாம்.

✦

திருமலையில் கழுவவே கழுவாத பாத்திரம் ஒன்று உண்டு. குலசேகரப்படியைத் தாண்டிப் பெருமாளின் முன் போகும் நைவேத்தியம் தயிர்சாதம். அது நாளொன்றுக்குப் புதிய மண்சட்டியில். மண்ணால் பூச்செய்து வழிபட்ட குயவர் பீமன் என்கிற குரவ நம்பியின் கதையை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். ‘படியாய்க் கிடந்து உன் பவளவாய் காண்பேனே’ என்று ஏங்கிய குலசேகர ஆழ்வாரின் பெயரில்தான் அந்தப் படி.

வீட்டு மண்சட்டிக்கு அந்த யோகம் இல்லை. தினம் புதிதாக வாங்க முடியாது, கழுவித்தான் ஆக வேண்டும். ஆனால் மெஷினில் அல்ல. மெருகு ஏற்றாத மண் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். மீன்குழம்பின் ருசியை அது பிடித்துவைத்துக்கொள்வதும் அதனால்தான். பவுடரைப் பிடித்துவைத்துக்கொண்டு அடுத்த குழம்பில் விடுவதும் அதனால்தான். சென்னை-பெங்களூரு சாலையில் பலமநேர் பக்கம் வண்டியை நிறுத்தி மண்சட்டி வாங்கி வருகிறவர்கள் வெந்நீரும் தேங்காய் நாரும், எண்ணெய்ப் பிசுக்குக்குக் கொஞ்சம் கடலைமாவும் வைத்துக்கொண்டால் போதும். மாக்கல் சட்டிக்கும் இதே சட்டம்.

✦

இரும்புத் தோசைக்கல்லின் கறுப்பு அழுக்கல்ல. எண்ணெய் சூட்டில் இறுகிப் படிந்த பூச்சு. பல மாதம் தோசை சுட்டுச் சம்பாதித்ததை மெஷின் ஒரே மாலையில் உரித்துவிட்டுத் துருவைக் கொடுக்கும். அருவாமனைக்கும் அப்படியே, அதற்கு மரப்பலகை வேறு.

✦

மரம் எதுவும் வேண்டாம். மோர் மத்து, சப்பாத்திப் பலகை, பூரிக்கட்டை எல்லாம் வெந்நீரில் ஊதி, காயும்போது வெடிக்கும். திருப்பதியில் வாங்கிய செம்மர மரப்பாச்சியையும் மரச்சொப்பையும் குழந்தை வாயில் வைக்கிறதே என்று சுத்தம் செய்ய நினைத்தாலும், ஈரத்துணியால் துடைத்து நிழலில் வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேஷாசல மலையும் அதை ஒட்டிய தொடர்களும் தவிர வேறெங்கும் இயல்பாக வளராத மரம் அது.

✦

மிக்ஸி ஜாரை எல்லோரும் போடுகிறார்கள், எவர்சில்வர்தானே என்று. ஜாரின் உடம்பு எவர்சில்வர்தான். அடியில் இருப்பது பிளேடைத் தாங்கும் புஷ், எண்ணெய்ப் பசை, ரப்பர் வளையம், பிளாஸ்டிக் கப்ளர். பவுடர் அந்த எண்ணெய்ப் பசையைக் கழுவிவிட்டால் சில வாரத்தில் ஜார் ஒழுகத் தொடங்கும், சத்தமும் கூடும். மூடியை மட்டும் மேல் தட்டில் வைக்கலாம், அதன் ரப்பரைக் கழற்றிவிட்டு.

குக்கரில் கேஸ்கெட், வெயிட், சேஃப்டி வால்வு மூன்றும் கையால்தான். வெயிட் உட்காரும் துளையில் பருப்பு உமி நின்றால் அது வெறும் அழுக்கல்ல, ஆபத்து. எவர்சில்வர் குக்கரின் பானை மட்டும் தாராளமாக உள்ளே போகலாம்.

✦

நான்ஸ்டிக்கின் பூச்சு 1938இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த டெஃப்லான். பூச்சு காரத்துக்கு அசையாது. ஆனால் அதைத் தாங்கும் அடித்தட்டு பெரும்பாலும் அலுமினியம். கீறல் விழுந்த இடத்திலும் விளிம்பிலும் அரிப்பு அங்கிருந்து தொடங்கும்.

✦

வெற்றிடச் சுவர் வைத்த பிளாஸ்க்: தயாரிப்பாளர் சம்மதித்தால் ஒழிய வேண்டாம். சுவரின் ஒட்டு விட்டுப்போனால் காபி ஒரு மணியில் ஆறும்.

✦

திருமலையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை வந்தபின், மலைமேல் கடைகளில் கண்ணாடி பாட்டில் பழக்கமாகிவிட்டது. திருப்பித் தராமல் வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதை மெஷினில் வைப்பதும் உண்டு. கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது. சிக்கல் இரண்டு: கழுத்து குறுகல் என்பதால் பீய்ச்சும் தண்ணீர் உள்ளே சரியாகப் போகாது, காகித லேபிள் ஊறி உரிந்து வலையை அடைக்கும். லேபிளை உரித்துவிட்டு, பிரஷ் போட்டுக் கழுவுவதே சுருக்கு வழி.

✦

ஊறுகாய் ஜாடி போகும். மெருகு ஏற்றிச் சுட்ட வெள்ளை-பழுப்பு ஜாடி, காக்ரேன் அம்மையார் நினைத்த பீங்கானுக்கு நம் அடுப்பங்கரையில் மிக நெருங்கிய உறவு. விளிம்பில் மெருகு உடைந்திருந்தால் மட்டும் வேண்டாம். உடைந்த இடம் தண்ணீரைக் குடிக்கும். மாங்காய்க் காலத்தில் ஆவக்காய் போடுமுன் மெஷினிலிருந்து எடுத்த ஜாடியை அப்படியே நிரப்பிவிடாதீர்கள். மெஷின் ‘காய்ந்தது’ என்று சொன்னாலும் கழுத்தடியில் ஈரம் நிற்கும், ஆவக்காய்க்கு அந்தத் துளி போதும் பூசணம் பிடிக்க. ஒரு பகல் வெயிலில் கவிழ்த்து, பிறகு நிமிர்த்தி வைத்து எடுங்கள்.

✦

இந்தப் பக்கத்து வீடுகளில் எதை மெஷினில் போடுவது என்ற கேள்வி பாதி வேதியியல், மீதி மடி. பெருமாளுக்கு நைவேத்தியம் வைத்த கிண்ணம் எச்சில் தட்டோடு ஒரே தண்ணீரில் சுழலலாமா? முட்டைத் தட்டோடு? பத்துப் பாத்திரத்துக்குத் தனித் தொட்டி வைத்திருந்த வீட்டில் இதற்கு எந்தக் கையேடும் பதில் தராது. மெஷினுக்குள் தண்ணீர் சுற்றிச் சுற்றித்தான் அடிக்கும் என்பது உண்மை. கடைசி அலசல் புதுத் தண்ணீரில் என்பதும் உண்மை. எது உங்களுக்குப் பெரிதோ அதன்படி செய்யுங்கள்.

நடைமுறையில் பலர் கண்ட வழி: பூஜைப் பாத்திரம் எப்போதும் கையால் (அவை பெரும்பாலும் பித்தளை, வெள்ளி என்பதால் வேதியியலும் ஒத்துப்போகிறது), அசைவத்துக்குத் தனி ஓட்டம். புரட்டாசி பிறப்பதற்கு முதல்நாள் வலையைக் கழற்றிக் கழுவி, மேல் தட்டில் ஒரு கிண்ணம் வினிகர் வைத்து, வெறும் மெஷினைக் கடும் சூட்டில் ஒரு முறை ஓட்டிவிட்டால் மீன் வாடையும் போகும், மனசும் ஒத்துக்கொள்ளும்.

✦

2020 ஊரடங்கில் வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் வர முடியாமல் போனபோதுதான் இந்தியாவில் டிஷ்வாஷர் விற்பனை ஒரே பாய்ச்சலாக ஏறியது. அதுவரை வாஷிங் மெஷின் இருந்த கோடிக்கணக்கான வீடுகளில் இதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. துணி துவைப்பதைவிடப் பாத்திரம் தேய்ப்பது லேசு என்று வீட்டில் முடிவெடுத்தவர் யார் என்று கேட்டால், அநேகமாகத் தேய்க்காதவராக இருப்பார்.

✦

தண்ணீர் மிச்சமா? இன்றைய மெஷின் ஒரு ஓட்டத்துக்குச் சுமார் 10 லிட்டர் எடுக்கும். ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தார் ஐரோப்பியர்களைக் கையால் கழுவவிட்டு அளந்தபோது, 12 பேர் தட்டுமுட்டுக்குச் சராசரியாக 100 லிட்டரை ஒட்டிச் செலவானது. இந்த எண்ணை விளம்பரத்தில் பார்த்து அப்படியே நம்ப வேண்டாம். அவர்கள் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவியவர்கள். இரண்டு வாளித் தண்ணீரில் முற்றத்தில் உட்கார்ந்து முப்பது உருப்படியைத் தேய்த்து அலசி முடிக்கும் கைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சிங்க்கில் குழாயைத் திறந்துவிட்டுப் போனில் பேசும் நம் அடுக்ககக் கைக்கு நன்றாகவே பொருந்தும். மெஷின் நிறைந்தபின் ஓட்டினால்தான் லாபம் என்பதும் நினைவிருக்கட்டும்.

✦

கழுவுவதற்கே ஒன்றும் மிஞ்சாத சாப்பாட்டு முறை நம்மிடம் இருந்தது. வாழையிலை, தைத்த மந்தாரை இலை, பிரசாதத்துக்குத் தொன்னை. திருமலையில் 1985இல் என்.டி. ராமராவ் முதல்வராக இருந்தபோது நித்திய அன்னதானம் தொடங்கியது. 2011இல் திறந்த தரிகொண்ட வெங்கமாம்பா அன்னதானக் கூடத்தில் ஒரே நேரத்தில் 4,000 பேர் உட்காரலாம். அத்தனை பேருக்கும் தட்டு வைத்தால் கழுவ எத்தனை மெஷின் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், இலையின் அருமை விளங்கும்.

✦

சிம்னியின் வடிகட்டியை மெஷினில் போடலாம், எவர்சில்வர் என்றால். அலுமினிய வலை என்றால் இட்லித் தட்டுக்குச் சொன்னதுதான். கேஸ் அடுப்பின் பர்னர் பித்தளை, வெளியே. ஃப்ரிட்ஜின் கண்ணாடித் தட்டைச் சில்லென்று எடுத்து உள்ளே வைத்தால் சூட்டில் விரிசல் விடும். அறைச் சூட்டுக்கு வந்தபின்கூடக் கையால் கழுவுவதே நல்லது.

✦

‘12 பிளேஸ் செட்டிங்’ என்று மெஷினில் எழுதியிருந்தால் 12 பேர் சாப்பிட்ட பாத்திரம் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. ஐரோப்பிய மேசைக்கணக்கு அது: தட்டு, சூப் கிண்ணம், கோப்பை, சாசர், கரண்டி, முள்கரண்டி. அதில் சாம்பார் வைத்த அடுக்கும் இல்லை, சோறு வடித்த குண்டானும் இல்லை, பொரியல் கடாயும் இல்லை. கீழ்த்தட்டின் முட்கள் மடியுமா, மேல்தட்டு உயர்ந்து இறங்குமா என்று பாருங்கள். தொட்டி மொட்டைமாடியில் இருந்து நீங்கள் கடைசி மாடியில் இருந்தால், குழாயில் தண்ணீர் அழுத்தம் போதுமா என்பதையும் கேளுங்கள். பத்து மீட்டர் உயரத் தண்ணீர்தான் ஒரு பார். கடைக்குப் போகும்போது வீட்டின் பெரிய கடாயையும் ஐந்து லிட்டர் குக்கரையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். கடாயையே கையில் எடுத்துப் போனாலும் தவறில்லை. கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.